வரையாடும் சீகை மரமும்

மரம் நடுவது புண்ணியம் என்று பள்ளிக்கூடம் தொட்டே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அமைச்சர் வந்தாலும் நடுகிறோம், தலைவர் மறைந்தாலும் நடுகிறோம். அப்படிப்பட்ட நாட்டில், அருகிவரும் ஒரு விலங்கைக் காப்பாற்ற மரங்களை வேரோடு பிடுங்க வேண்டும் என்று சொன்னால் யாருக்கும் எளிதில் ஒப்பாது. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் பகுதிகளில் இன்று ஆய்வாளர்களும் வனத்துறையும் பேசிக்கொண்டிருப்பது இதைத்தான். அந்த விலங்கு வரையாடு, தமிழ்நாட்டின் மாநில விலங்கு.

அழியும் நிலையிலுள்ள உயிர்களைப் பற்றிய பேச்சு நம்மிடம் பெரும்பாலும் எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறது. புலி எத்தனை, யானை எத்தனை, போன தடவையைவிடக் கூடியதா, குறைந்ததா? வரையாட்டுக்கும் இப்போது கணக்கு வந்துவிட்டது. எண்ணிக்கை கூடியும் இருக்கிறது. ஆட்டை எண்ணுவதில் காட்டும் அக்கறையை அது மேயும் புல்லிலும் காட்டுகிறோமா, அந்தப் புல்லை மீட்கக் கிளம்பும்போது சரியான முனையிலிருந்து தொடங்குகிறோமா என்பவைதான் நான் இங்கே பார்க்க விரும்பும் கேள்விகள்.

பாறையும் புல்லும்

சங்கப் பாடல்களில் வருடை என்று வருவது இந்த விலங்குதான் என்பார்கள். நீலகிரியில் தொடங்கி, ஆனைமலை, பழனிமலை, மேகமலை வழியாகக் கன்னியாகுமரி மாவட்ட மலைகள் வரை, தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மட்டுமே வாழ்கிறது. உலகில் வேறெங்கும் கிடையாது. பெயரில் ஆடு இருந்தாலும் உறவுமுறையில் செம்மறிக்குத்தான் நெருக்கம். நெடுங்காலம் இமாலய வரையாட்டோடு ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2005இல் வந்த மரபணு ஆய்வு அதைப் பிரித்து, தனக்கென ஒரு பேரினத்தைக் கொடுத்தது. அந்தப் பேரினத்தில் இது ஒன்றே உறுப்பினர். அழிந்தால் பேரினமே போய்விடும்.

வரையாட்டுக்குத் தேவையானவை இரண்டே இரண்டு. மேயப் புல்வெளி, ஆபத்தென்றால் ஓடி ஏற, அருகிலேயே செங்குத்துப் பாறை. இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் போதாது. மந்தை மேயும்போது கவனித்தால் இது புரியும். பாறை விளிம்பிலிருந்து அதிக தூரம் போவதில்லை. எல்லாம் தலைகுனிந்து மேய்ந்துகொண்டிருக்க, பெட்டை ஒன்று மட்டும் மேடான கல்லில் நின்று சரிவைப் பார்த்தபடி இருக்கும். செந்நாயோ சிறுத்தையோ கண்ணில் பட்டால் விசில் போன்ற ஒரு கூர்மையான ஒலி எழும். மறுநொடி மந்தை முழுவதும் பாறைச் சுவரில் நிற்கும், பிறந்து சில வாரமே ஆன குட்டிகள் உட்பட. நமக்குக் கால்வைக்க இடமே தெரியாத பாறை அது. இந்த ஏற்பாடு முழுவதும் பார்வையை நம்பியது. புல்லுக்கும் பாறைக்கும் நடுவில் மரக்கூட்டம் முளைத்துவிட்டால் புலிக்கும் சிறுத்தைக்கும் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடும். வரையாடு அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிடும். அதனால்தான் மரத்தைப் பற்றிப் பேசாமல் வரையாட்டைப் பற்றிப் பேச முடியாது என்கிறேன்.

அது வாழும் நிலத்தின் அமைப்பே விசித்திரமானது. மலையின் மடிப்புகளிலும் ஓடையோரங்களிலும் குட்டை மரங்கள் அடர்ந்த சோலைக்காடு. சரிவுகளிலும் முகடுகளிலும் வெறும் புல். இரண்டுக்கும் நடுவில் கத்தியால் வெட்டியதுபோல் எல்லை. சோலை ஏன் புல்லுக்குள் பரவவில்லை என்பது நெடுநாள் விவாதம். மனிதன் காட்டை எரித்து, மாடு மேய்த்து உண்டாக்கிய புல்வெளி என்று ஒரு தரப்பு சொல்லிவந்தது. அப்படியானால் அங்கே மரம் நட்டால் தவறில்லை என்றாகிவிடும் அல்லவா? 1993இல் சுகுமார் குழுவினர் ஊட்டி அருகே சாண்டிநல்லா சதுப்பில் படிந்திருந்த மக்கிய மண்ணை ஆய்ந்து, 20,000 ஆண்டுக் காலத்தில் புல்லும் மரமும் தட்பவெப்பத்துக்கேற்ப முன்னும் பின்னும் நகர்ந்ததைக் காட்டினார்கள். மனிதர்கள் இங்கே குடியேறி நிலத்தைத் திருத்துவதற்கு வெகுகாலம் முன்பே புல்வெளி இருந்தது என்பது அதோடு உறுதியானது.

எல்லையைக் காப்பது உறைபனி. 2020இல் ஜோஷி, ரத்னம், சங்கரன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. திறந்த புல்வெளியில் குளிர்கால இரவுகளில் விழும் உறைபனி சோலை மரங்களின் நாற்றுகளைக் கருக்கிவிடுகிறது. அதே பனியை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரத்தின் நாற்றுகள் தாங்கிக்கொள்கின்றன. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் புல்லைக் காத்த காவல் வந்தேறியிடம் செல்லவில்லை. மலை சூடாகி உறைபனி நாட்கள் குறையக் குறைய, உள்ளதும் தளரும்.

எப்படி வந்தது சீகை

நீலகிரியில் வாட்டிலைச் சீகை மரம் என்பார்கள், யூகலிப்டஸைக் கற்பூர மரம் என்பார்கள். இரண்டும் ஆங்கிலேயர் கொண்டுவந்தவை. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஊட்டி வளர்ந்தபோது விறகுக்காகச் சோலைகளை வெட்டித் தீர்த்தார்கள். தீர்ந்ததும், வேகமாக வளரும் ஆஸ்திரேலிய மரங்களைத் தேடினார்கள். தங்கள் ஊர்ப் புல்மேடுகளை நினைவூட்டுகிறது என்று நீலகிரியைக் கொண்டாடியவர்கள், வருவாய் ஆவணத்தில் அதே புல்மேட்டைத் தரிசு என்று எழுதினார்கள். இந்தத் தரிசு என்ற முத்திரை இன்றுவரை நிர்வாகத்தின் மனதைவிட்டுப் போகவில்லை.

ஆனால் பெரிய அடி விழுந்தது வெள்ளைக்காரர் காலத்தில் அல்ல, விடுதலைக்குப் பிறகு. தோல் பதனிடச் சீகைப் பட்டை வேண்டியிருந்தது. அதுவரை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார்கள். சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குக் கூழ்மரம் வேண்டியிருந்தது. ஐந்தாண்டுத் திட்டங்களின் பேரில் குந்தா பீடபூமியிலும் பழனி மேல்மலையிலும் புல்வெளியை உழுது சீகையும் கற்பூரமும் பைனும் வரிசை வரிசையாக நட்டார்கள். அன்றைய கணக்கில் அது வளர்ச்சி. நட்டவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. புல்வெளிக்கு ஒரு மதிப்பு உண்டு என்று அப்போது எந்தப் பாடநூலும் அவர்களுக்குச் சொல்லவில்லை. 1980களின் இறுதியில், புதிய தேசிய வனக் கொள்கை வந்த சமயத்தில், நடுவது நின்றது. மரம் பரவுவது நிற்கவில்லை.

நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவையிருக்காது. சீகையின் விதை கறுத்துச் சிறுத்தது, ஓடு மிகக் கெட்டி. ஒரு மரத்தடியில் ஆயிரக்கணக்கில் கொட்டிக் கிடக்கும். மண்ணுக்குள் அரை நூற்றாண்டுவரை உயிரோடு உறங்கும். தீயின் சூடு பட்டாலோ, மண்ணைக் கிளறிவிட்டாலோ விழித்துக்கொள்ளும். ஒரு தோட்டத்தை மொத்தமாக வெட்டி லாரியில் ஏற்றிய மறு பருவத்தில் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தால், கீரைப்பாத்தி போல நெருக்கமாகச் சீகைக் கன்றுகள் நிற்கும். வெட்டுவதற்கு முன்பைவிட அடர்த்தி அதிகம். கூடவே, ஐரோப்பாவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த மஞ்சள் பூப் புதர்கள் வேறு அவலாஞ்சி, முக்கூர்த்திப் பக்கம் பரவிக் கிடக்கின்றன. சுற்றுலா வருகிறவர்கள் அவற்றின் முன் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். என்ன அழகு என்று தலைப்பும் போடுகிறார்கள்.

இழப்பின் அளவை அறிய பழைய செயற்கைக்கோள் படங்களையும் புதியவற்றையும் ஒப்பிட்டார்கள் அரசுமணி குழுவினர். 1973க்கும் 2014க்கும் இடையில் பழனிமலை தன் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கை இழந்துவிட்டது. சுமார் நாற்பது ஆண்டில், நம் கண்ணெதிரே! மேற்குத் தொடர்ச்சியின் உயர்மலை முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் இழப்பு ஏறத்தாழ கால் பங்கு. வரையாட்டோடு சேர்ந்து இழப்பவர்கள் பட்டியல் நீளம்: வேறெங்கும் இல்லாத நீலகிரி நெட்டைக்காலி என்னும் சிறு பறவை, பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கும் குறிஞ்சி, எருமை மேய்ச்சலை இழந்த தோடர்கள். தோடர் கோயில்களுக்குக் கூரை வேயும் புல் சதுப்புகளில் விளைவது. அதைத் தேடி இப்போது வெகுதூரம் அலைய வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் மலைமேல் நடக்கும் விஷயம், நமக்கென்ன என்று சமவெளிக்காரர் நினைக்கலாம். ஊட்டியிலுள்ள மத்திய மண்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் கிளென்மார்கனில் இரண்டு நீர்ப்பிடிப்புகளைப் பல ஆண்டுகள் அளந்தது. ஒன்றைப் புல்லாகவே விட்டது; மற்றதில் பாதிக்குச் சற்று மேற்பட்ட பரப்பில் கற்பூர மரம் நட்டது. முதல் சுற்று மரம் வெட்டுக்கு வருவதற்குள் மரம் நட்ட நீர்ப்பிடிப்பிலிருந்து வரும் தண்ணீர் 16 சதவீதம் குறைந்தது. கோடைக்கால ஒழுக்கு அதைவிட மோசமாகச் சரிந்தது. மேல்பவானி, அவலாஞ்சி, எமரால்டு, பைக்காரா அணைகளெல்லாம் இந்தப் புல்வெளிகளின் காலடியில்தான் இருக்கின்றன. குந்தா மின்சாரமும் பவானிப் பாசனமும் அங்கிருந்தே புறப்படுகின்றன. ஈரோட்டு விவசாயிக்கும் வரையாட்டுக்கும் இதில் ஒரே நலன்.

இரவிகுளம் சொல்வது

நல்ல செய்தியும் உண்டு. வரையாட்டின் மிகப் பெரிய கூட்டம் மூணாறுக்கு மேலே கேரளத்தின் இரவிகுளத்தில் இருக்கிறது. 97 சதுர கிலோமீட்டரில் 800க்கு மேல். கண்ணன் தேவன் தேயிலைக் கம்பெனியின் வசமிருந்த நிலம் அது. துரைமார்கள் அதைத் தங்கள் வேட்டைக்காகப் பாதுகாத்தார்கள், முதுவர் பழங்குடியினரைக் காவலுக்கு வைத்தார்கள். 1971இல் கேரள அரசு சட்டம் போட்டு நிலத்தை எடுத்தது. பங்கு போட்டுக் கொடுத்திருக்கலாம், மரம் நட்டிருக்கலாம். இரண்டையும் செய்யாமல் 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் அறிவித்தது. வரையாட்டின் வாழ்க்கையை ஆராய்ந்த ஜார்ஜ் ஷாலர், கிளிஃபோர்ட் ரைஸ் போன்றோர் வேலை செய்ததும் இங்கேதான். குட்டி ஈனும் பருவத்தில் பூங்காவைச் சுற்றுலாவுக்கு மூடுகிறார்கள். புல்வெளியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, குளிர்காலத்தில் முதுவர்களின் துணையோடு அளவாகத் தீ வைத்து இளம்புல் துளிர்க்க வைக்கிறார்கள். இரவிகுளத்தின் வெற்றி எளிமையானது: புல்லைக் கெடுக்கவில்லை, ஆகவே மீட்க வேண்டிய அவசியம் வரவில்லை. கெடுத்த இடங்களுக்கு அது முன்மாதிரி ஆகுமா என்பதுதான் சிக்கல்.

தமிழ்நாடு 2022இல் வரையாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஐந்தாண்டுக்கு 25.14 கோடி ரூபாய். இந்த விலங்கைப் பற்றி முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்களுள் ஒருவரான ஈ.ஆர்.சி. டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7 வரையாடு தினமானது. 2024இல் நடந்த ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031. 2025இல் கேரளத்தோடு ஒரே நேரத்தில் எடுத்ததில் தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தில் 1,365. செய்தித்தாள்கள் ஓராண்டில் 26 சதவீத உயர்வு என்று மகிழ்ந்தன. ஒரு பெட்டை வழக்கமாக ஒரு குட்டிதான் போடும், அதிலும் பல முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை. ஆகவே உயர்வு முழுவதும் பிறப்பால் வந்ததாக எடுத்துக்கொள்ள முடியாது. தேடிய பகுதிகள் கூடின, எண்ணுகிறவர்களின் கண்ணும் தேர்ந்தது. இது குறையல்ல. முறை ஒன்றாக இருந்து பத்தாண்டு தொடர்ந்தால் அந்த எண்கள் பேசத் தொடங்கும். அதற்குள் கொண்டாடவும் வேண்டாம், சந்தேகப்படவும் வேண்டாம்.

எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அது எப்படிச் சிதறிக் கிடக்கிறது என்பது. ஆனைமலையின் புல்மலையிலும் முக்கூர்த்தியிலும் பெரிய கூட்டங்கள். மற்ற இடங்களில் பாறைத்தீவுகள்போல் பத்தும் இருபதும். ஒரு நோய், ஒரு பெருந்தீ போதும், ஒரு தீவு காலியாகிவிடும். பக்கத்துத் தீவிலிருந்து வந்து நிரப்ப வழியில்லை. நடுவில் தேயிலை, சாலை, சீகைத் தோப்பு. காலியான பழைய வாழிடங்களில் மீண்டும் கொண்டுவிடுவதும் திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கிலும் தெற்கிலும் வாழும் கூட்டங்கள் மரபணுவில் வேறுபட்டவை என்று ஆய்வு சொல்கிறது. எனவே எங்கிருந்து பிடித்து எங்கே விடுவது என்பதில் அவசரம் கூடாது. விடப்போகும் இடத்தில் புல் இருக்கிறதா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

எந்த முனையிலிருந்து?

மீட்பு என்ற பேச்சு எழுந்ததும் எல்லோர் கண்ணும் போவது முதிர்ந்த சீகைத் தோப்புகள்மீது. மொத்தமாக வெட்டு, வேரோடு எடு என்கிறார்கள். உயர் நீதிமன்றமும் அந்நிய மரங்களை அகற்றச் சொல்லி அரசைத் தொடர்ந்து நெருக்கிவந்திருக்கிறது. 2022இல் அரசு அதற்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. வெட்டினால் மரம் விலைபோகும், வேலை நடந்தது கண்ணுக்கும் தெரியும். ஆனால் மண்ணுக்குள் இருக்கும் விதைக்கிடங்கு அப்படியே இருக்கிறது. தொடர்ந்து பத்தாண்டு கன்று பிடுங்க ஆளும் பணமும் இல்லாமல் முதிர்ந்த தோப்பை வெட்டுவது, சீகைக்கு நாம் செய்யும் உபகாரம்.

பழனிமலையின் வட்டக்கானலில் பல்லாண்டு வாழ்ந்து சோலை நாற்றுப்பண்ணை வைத்திருந்த பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் இருவரும் தங்கள் அனுபவத்திலிருந்து சொன்ன ஒரு விஷயம் இங்கே முக்கியம். பராமரிப்பில்லாத பழைய சீகைத் தோப்பின் நிழலில் சோலை மரங்கள் தாமாக முளைத்து வருகின்றன. பனியிலிருந்து அந்த நிழல் அவற்றைக் காக்கிறது. அந்தத் தோப்பை வெட்டினால் போவது சீகை மட்டும் அல்ல, வளர்ந்துவரும் சோலையும்தான். அரசுமணி குழுவினரின் வரைபட ஆய்வும் ஏறக்குறைய இதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது: சோலை எழும் தோப்புகளை விட்டுவிடுங்கள், மிச்சமிருக்கும் புல்வெளியில் இப்போதுதான் முளைக்கும் கன்றுகளை முதலில் எடுங்கள்.

இதுதான் சரி என்பது என் கருத்து. முழங்கால் உயரக் கன்றை ஒரு ஆள் மழைக்குப் பின் கையால் இழுத்தே பிடுங்கிவிடலாம். மண்ணைப் பெரிதாகக் கிளற வேண்டியதில்லை, இயந்திரம் வேண்டாம், தீ வேண்டாம். அடியில் புல் இருக்கிறது, தானே மூடிக்கொள்ளும். அதே கன்றைப் பத்தாண்டு விட்டால் ரம்பம் வேண்டும், புல்லையும் புதிதாக நட வேண்டும். புல் நடுவது எவ்வளவு மெனக்கெட்ட வேலை என்பது பலருக்குத் தெரியாது. நல்ல புல்வெளியிலிருந்து தூர் எடுத்து, வேரோடு சிறு சிறு துண்டாகப் பிரித்து, நாற்றங்காலில் வேர்பிடிக்க வைத்து, மழைக்காலத்தில் ஒவ்வொன்றாகச் சரிவில் ஊன்ற வேண்டும். ஒரு வகைப் புல் போதாது. இயற்கைப் புல்வெளியில் பல வகையும் அவற்றுக்கிடையே நூற்றுக்கணக்கான பூண்டுகளும் இருக்கின்றன. மூணாறு பக்கம் பழத்தோட்டத்தில், காட்டுத்தீயில் எரிந்த தோப்பை மறுபடி புல்வெளியாக்கும் வேலையைக் கேரள வனத்துறை மலைவாழ் மக்களோடு சேர்ந்து செய்திருக்கிறது. நீலகிரியில் வசந்த் பாஸ்கோ போன்றவர்கள் புல்லுக்கென்றே நாற்றங்கால் வைத்து உழைக்கிறார்கள். முடியும் என்பதற்கு இவை சான்று. எவ்வளவு கை வேண்டும் என்பதற்கும் சான்று.

தென்னாப்பிரிக்கா இதே சீகையோடு நம்மைவிட நெடுங்காலமாக மல்லுக்கட்டுகிறது. 1995இல் அவர்கள் தொடங்கிய திட்டத்தின் பெயரே தண்ணீருக்காக உழைப்பது என்ற பொருளில் அமைந்தது. வேலையற்ற ஏழைகளுக்குக் கூலி கொடுத்து நீர்ப்பிடிப்புகளில் அந்நிய மரங்களை அகற்றினார்கள். ஒருமுறை வெட்டிய இடத்துக்குத் திரும்பப் போகாவிட்டால் செலவு வீண் என்பது அவர்கள் விலை கொடுத்துக் கற்ற பாடம். விதையை மட்டும் தின்னும் வண்டினத்தையும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். மரம் விறகுக்கும் பட்டைக்கும் நிற்கும், பரவுவது குறையும் என்ற கணக்கில். வண்டைக் கொண்டுவருவதில் நாம் பல தடவை யோசிக்க வேண்டும். திரும்பிப் போவதில் யோசிக்க ஒன்றுமில்லை.

மக்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். மேல்மலைக் கிராமங்களில் அடுப்பெரிவது சீகை விறகில்தான். எரிவாயு வந்த பிறகும் குளிருக்கு விறகு வேண்டும். ஒரே நாளில் சீகை முழுவதையும் எடுத்துவிட்டால் அடுத்து கோடாரி விழுவது சோலையில். கன்று பிடுங்கும் வேலையை அந்த ஊர்ப் பெண்களுக்கும் தோடர், முதுவர் போன்ற சமூகங்களுக்கும் ஆண்டுதோறும் உறுதியான கூலியோடு கொடுத்தால், புல்வெளிக்குக் காவலும் அவர்களே ஆவார்கள்.

ஆனால் இதற்கெல்லாம் குறுக்கே ஒரு கணக்குப் புத்தகம் நிற்கிறது. இந்திய வன அளவைத் துறையின் வரையறைப்படி, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 சதவீத மரக்கவிகை இருந்தால் அது காடு. எந்த மரம் என்று கேட்பதில்லை. அதனால் சீகைத் தோப்பு காடு. வரையாடு மேயும் புல்வெளி காடல்ல. சீகையை எடுத்துப் புல்லை மீட்டால் மாநிலத்தின் காட்டுப் பரப்பு காகிதத்தில் குறையும். மறுபக்கம், பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்கும் இலக்கோடு அதே மாநில அரசு மரக்கன்றுகளை நட்டுக்கொண்டிருக்கிறது. சமவெளியில் அது நல்ல காரியம். 1,800 மீட்டருக்கு மேல் உள்ள புல்வெளியில் ஒரு கன்றுகூட நடக்கூடாது என்று அந்த இலக்கிலேயே எழுதிவைக்க வேண்டும். புல்வெளியைத் தனி வாழிடமாக அளந்து, தனிக் கணக்கில் வெளியிட வேண்டும். இதற்குப் பணம்கூடத் தேவையில்லை, ஓர் அரசாணை போதும்.

வரையாட்டுத் திட்டத்தின் ஐந்தாண்டு 2027இல் முடிகிறது. அதன் கீழ் மேல்பவானியில் முன்னோட்டமாகப் புல்வெளி மீட்புக்குத் திட்டமிடப்பட்டிருக்கிறது. முன்னோட்டம் என்ற சொல்லோடு அது நின்றுவிடக் கூடாது. அடுத்த கட்டத்துக்கு நிதி ஒதுக்கும்போது, ரேடியோ கழுத்துப்பட்டைக்கும் கணக்கெடுப்புக்கும் ஒதுக்குவதற்கு முன்னால், பிடுங்கிய இடத்தில் மறுபடி மறுபடி போய்ப் பிடுங்குவதற்கான கூலியைக் குறைந்தது பத்தாண்டுக்கு எடுத்து வைக்க வேண்டும். சீகை விதை மண்ணில் ஐம்பது ஆண்டு காத்திருக்கும். நம் திட்டங்கள் ஐந்தாண்டுக்கு மேல் காத்திருப்பதில்லை.